ஆட்சேபம் இல்லை

ஏப்ரல் 9, செவ்வாய்

எங்கள் குடியிருப்பின் பொதுத் துணி துவைக்கும் அறைக் கதவில் மறுபடியும் சீட்டு. மேல்மாடி சுர்புக்கன் அம்மாள் எழுதியது: "செவ்வாய் காலை உங்கள் முறைதான். அதற்காக உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியில் துணிப்பஞ்சை அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா?" கீழே மூன்று கோடு. பஞ்சு என்னுடையது இல்லை. சொன்னால் நம்பவா போகிறாள்? எடுத்துப் போட்டுவிட்டு டிராம் பிடித்தேன்.

அலுவலகத்தில் மே மாதப் பேரவையின் நிகழ்ச்சி நிரல் வந்திருந்தது. பதினோராம் பொருளை இரண்டு முறை படித்தேன். "தலைவரின் பதவிக்கால வரம்பை நீக்குதல்." மூன்று தவணைக்கு மேல் யாரும் தலைவராக இருக்கக் கூடாது என்ற விதி அது. எட்டு வருடம் முன்பு எங்கள் கண்டங்களிடைக் கால்பந்து ஒன்றியத்தின் துணைத் தலைவர்கள் இரண்டு பேர் சிறைக்குப் போனபோது, பயந்துபோய்க் கொண்டுவந்த சீர்திருத்தங்களில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். அந்தக் குழுவின் பதினேழு கூட்டங்களுக்கும் குறிப்பெழுதியவள் நான். கால்பந்து எனக்குத் தெரியாது, ஆஃப்சைடு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அந்த விதியில் எங்கே காற்புள்ளி இருக்கிறது என்பதுகூடத் தெரியும்.

ஏப்ரல் 22, திங்கள்

சட்டப் பிரிவுத் தலைவர் கசுட்டிடம் கேட்டேவிட்டேன். சீர்திருத்தத்தையே எடுத்துவிடப் போகிறீர்களா என்று.

"எடுக்கல மேடம். சீர்திருத்தத்தைச் சீர்திருத்துறோம்" என்றார். தன் பேச்சுக்குத் தானே சிரித்தும் கொண்டார். கிராவுபுண்டன் மலைக்காரர், கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்குக் கடுப்பு.

மே 16, வியாழன்

நாளை பேரவை. வழக்கம்போல, நடக்கப்போகும் கூட்டத்துக்கு முன்கூட்டியே தயார்க் குறிப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நான்கு மொழியில் பெயர்ப்பவர்களுக்கு முதல் வரைவைச் சனிக்கிழமைக்குள் தர வேண்டுமே, கூட்டம் முடியும்வரை காத்திருந்தால் நடக்குமா? பத்தொன்பது வருடமாக இப்படித்தான். யார் எப்போது எழுந்து என்ன பேசுவார்கள் என்று முன்பே தெரியும், அவர்களும் அதன்படியே பேசுவார்கள். பதினோராம் பொருளுக்கு நேராக எழுதினேன்: "கரவொலியுடன் ஒருமனதாக நிறைவேறியது. ஆட்சேபம் இல்லை."

ஏதாவது மாறினால் பிறகு திருத்திக்கொள்ளலாம். இதுவரை மாறியதில்லை.

மே 17, வெள்ளி

மாறிவிட்டது!

தலைவர் மேடையில் கையை விரித்துக்கொண்டு, "நண்பர்களே, ஒரே குடும்பம் நாம, நமக்குள்ள ஓட்டுப் பெட்டி எதுக்கு? கைதட்டினாப் போதாதா?" என்றார். தட்ட ஆரம்பித்தார்கள். மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றார். லிட்டியானா வகாடெலே. தென்கடலில் ஒரு சின்னத் தீவின் சங்கத் தலைவி, பழைய கோல்கீப்பர். "ரகசிய வாக்கெடுப்பு வேணும்! விதி முப்பத்திரண்டு!" ஒரே ஓர் உறுப்பினர் கேட்டாலும் பெட்டி வைத்தாக வேண்டும் என்பது அந்த விதி. அவருடைய ஒலிவாங்கி அணைந்திருந்தது, அதனால் ஒலிப்பதிவில் இருக்காது. கைதட்டலை மீறி இரண்டு முறை கத்தினார். நான் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன், எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. சுருக்கெழுத்தில் எடுத்தேன், நேரத்தோடு: 11.42. தலைவரும் அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னும் பலமாகத் தட்டி, நிறைவேறியது என்று அறிவித்தார்.

மதியம் சூப் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பிரதிநிதி பக்கத்து ஆளிடம் சொன்னது: "பெட்டி வெச்சிருந்தா நானே எதிரா போட்டிருப்பேன்யா. பாதிப் பேரு அப்படித்தான்." பிறகு ரொட்டி எடுத்துக்கொண்டார்.

மாலை டிராம் நிறுத்தத்தில் லிட்டியானா. அவர் எல்லோரையும் உறவு வைத்துத்தான் கூப்பிடுவார், எங்கள் ஊரில் அப்படி யார் கூப்பிடுகிறார்கள்?

"அக்கா, நான் கத்துனது உங்க காதுல விழுந்துச்சா?"

குறிப்பு வெளியாகும்வரை அதில் உள்ளதைச் சொல்லக் கூடாது என்பது விதி. அதைத்தான் சொன்னேன்.

"சரியான ஸ்விஸ்காரி நீங்க!" என்று தோளில் தட்டிச் சிரித்தார். "பரவால்லக்கா. லொசான்ல இருக்கிற விளையாட்டு வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போகப்போறேன். மினிட்ஸ்ல ஒரு வரி இருந்தாப் போதும்னு வக்கீல் சொல்லிட்டாரு. உங்க பேனாவ நம்புறேன்."

விழுந்தது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தலையையாவது ஆட்டியிருக்கலாம்.

மே 21, செவ்வாய்

திருத்திய குறிப்பைக் கசுட் மேசையில் வைத்தேன். கேட்டது கேட்டபடி. பதினேழு கூட்டத்துக்கும் இன்றுதான் சம்பளம் வாங்கினமாதிரி இருந்தது. வரும் வழியில் எனக்கென்று ஒரு பழக்கேக் வாங்கித் தின்றேன்.

மே 23, வியாழன்

கசுட் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். இரண்டு தாளைப் பக்கம் பக்கமாக வைத்தார்.

"இம்ஹோஃப் மேடம், இது வெள்ளிக்கிழமை நீங்க கேட்டது. இது, வெள்ளிக்கிழமை நடக்கப்போறத வியாழக்கிழமையே நீங்க கேட்டது. ரெண்டுலயும் உங்க கையெழுத்து. நான் எத நம்பட்டும்?"

"அது தயார்க் குறிப்பு. நடைமுறை. நீங்கதான வருஷா வருஷம் கேட்டு வாங்குறீங்க?"

"நான் கேட்டதா எங்கயாவது எழுதியிருக்கா?"

எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதுகிறவள், அதை எழுதவில்லை.

"பத்தொன்பது பேரவை" என்றார் மெதுவாக. "பத்தொன்பதுக்கும் முதல் நாளே கையெழுத்து. அத்தனையும் என் அலமாரில இருக்கு. அந்தம்மா கேஸ் போட்டு இது வெளிய வந்தா, நீங்க எழுதுன எதுவுமே செல்லாது. அந்தச் சீர்திருத்தம் நிறைவேறுச்சே, அந்த வருஷக் குறிப்பு? அதையும் முதல் நாளேதான எழுதுனீங்க?"

ஆமாம். முதல் நாளேதான் எழுதினேன். சந்தோஷமாக எழுதினேன்.

"மிரட்டுறீங்களா?"

"சேச்சே. உங்க கையெழுத்த உங்களுக்கே காட்டுறேன், அவ்வளவுதான். பென்ஷனுக்கு இன்னும் பதினாலு மாசம்தான? தண்ணி குடிங்க மேடம்."

தண்ணீரைக் குடித்தேன். எதற்குக் குடித்தேன்? என்ன ஜென்மம் நான்?

மே 24, வெள்ளி

கசுட் அனுப்பிய இறுதிக் குறிப்பில் பழையபடி "ஆட்சேபம் இல்லை" என்றே இருந்தது. கையெழுத்துப் போடவில்லை.

மே 28, செவ்வாய்

போட்டுவிட்டேன்.

சீர்திருத்தம் செல்லாமல் போய்விடக் கூடாதே என்றுதான் போட்டேன் என்று எழுதத் தோன்றுகிறது. இந்த நோட்டிலாவது பொய் வேண்டாம். பயந்து போட்டேன். வேலை போய், பெயர் போய், இந்த வயதில் நடுத்தெருவில் நிற்பேனோ என்று நடுங்கிப் போட்டேன். எந்தச் சீர்திருத்தத்தைக் காப்பாற்றினேன்? அதை ஒழித்த தாளில்தானே போட்டிருக்கிறேன்!

ஜூன் 18, செவ்வாய்

பேரவைக் குறிப்பு நான்கு மொழியிலும் வெளியாகிவிட்டது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. தலைவர் நாலாம் தவணைக்கு நிற்பதாகச் செய்தி.

சுர்புக்கன் அம்மாள் புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறாள். பஞ்சு அவள் மருமகனுடையதாம், மன்னிக்க வேண்டுமாம். கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு பஞ்சுக்கு.

ஜூலை 11, வியாழன்

லிட்டியானா நடுவர் மன்றத்தில் மனு போட்டுவிட்டார். மினிட்ஸில் அந்த வரி இல்லாமலே.

செப்டம்பர் 10, செவ்வாய்

சுருக்கெழுத்து நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது கசுட்டுக்குத் தெரியாது, அவர் காலத்து ஆட்களுக்குச் சுருக்கெழுத்து என்றாலே என்னவென்று தெரியாது. இன்று அதை உறையில் போட்டு, லிட்டியானாவின் வக்கீல் விலாசம் எழுதி, தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். வரிசை எண் 86. எனக்கு முன்னால் ஓர் ஆள் ஸ்கீ பலகை அனுப்பிக்கொண்டிருந்தான், செப்டம்பரிலேயே. சிரிப்பு வந்தது. நல்லபடியாக அனுப்பிவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

86 என்று பலகையில் எரிந்தது. எழுந்தேன். கால் வாசலுக்குப் போனது.

செப்டம்பர் 11, புதன்

இன்னும் நாள் இருக்கிறது. விசாரணை அக்டோபர் கடைசியில்தான்.

அக்டோபர் 29, செவ்வாய்

விசாரணை இன்று லொசானில். என்னை அழைக்கவில்லை. இரண்டு தரப்புமே கேட்கவில்லையாம். லிட்டியானாவின் வக்கீல் ஏன் கேட்கவில்லை? அனுப்பாத உறையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போர்வைக்கு அடியில் வைத்தேன்.

நவம்பர் 21, வியாழன்

தீர்ப்பு வந்தது. மனு தள்ளுபடி. முப்பத்தொரு பக்கம். ஏன் என்னை அழைக்கவில்லை என்பதற்கு நாற்பத்தேழாம் பத்தியில் பதில் இருந்தது. குறிப்பெழுதியவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டுமா என்று மனுதாரரைக் கேட்டிருக்கிறார்கள். லிட்டியானா சொன்னதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்:

"வேண்டாம். அந்த அக்காவை ஏன் இதுல இழுக்கணும்? அவங்க பொய் எழுதுற ஆள் இல்ல. காதுல விழுந்திருந்தா கண்டிப்பா எழுதியிருப்பாங்க. அவங்க எழுதலைன்னா, நான்தான் இன்னும் சத்தமாக் கத்தியிருக்கணும்."

தீர்ப்பின் மேல் கசுட் மஞ்சள் சீட்டு ஒட்டி அனுப்பியிருந்தார்: படித்துவிட்டுக் கோப்பில் சேர்க்கவும்.

படித்தேன். சேர்த்தேன்.