வெள்ளிக்கிழமை நிறுத்தப்போகிற வாசக்கால்

வெண்ணந்தூர்,
செவ்வாய்க்கிழமை.

என் கண்ணு இனியாவுக்கு, அப்பா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுக் கயல்விழி எழுதுகிறது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். மூன்று வருஷம் மழையில்லாமல் கிணறெல்லாம் காய்ந்து, நம் ஊருக்கு முதன்முதலாய் ரிக் லாரி வந்து ஆழ்துளைப் போர்க்கிணறு போட்ட வருஷம், அம்மா என்னைக் கட்டி வந்த மறுவருஷம், நீ பிறக்கவேயில்லை. அந்த வருஷத்துச் சேதி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது சாமி. போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லி ஒட்டி உட்கார்ந்துகொள்கிறாள், அதனால்தான் இதை எழுதிப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

புது வீட்டில் மரம் மரமாகவே தெரிய வேண்டும் என்று சொன்னாயே, இஞ்சினியர் நவீன்குமார் ஒரு வேம்பை ஓரம் சீவாமல் வளைவோடு அப்படியே தலைவாசலுக்கு வாசக்காலாக்கி வைத்திருக்கிறார். நேற்றுப் போய்ப் பார்த்தேன். மேலிருந்து அடிவரை கருப்பாக ஒரு கோடு, நடுவில் இரண்டு முறுக்கு. இது என்ன கோடு என்று கேட்டேன். "ஐயா, இந்தக் கோடுதானுங்க அழகே, போட்டோ பாத்துட்டு உங்க புள்ள துள்ளிக் குதிச்சாங்க" என்கிறார். மரம் அறுக்கிற மில்லுக்குப் போய்க் கரீம் பாஷாவிடம் கேட்டேன். "ஏரிக்கரை வேம்புங்க பெரியவரே, ரோடு அகலம் பண்றப்ப வெட்டுனது, இரும்பாட்டம் இருக்குது" என்றார்.

அந்த வருஷம் வறட்சி முடிந்து முதல் மழை இறங்கியபோது காட்டிலிருந்து வந்த உன் அம்மாவும், அவள் அக்கா பெரியநாயகியும், கூட வேலைக்குப் போன மாரக்காளும், எருமை ஓட்டி வந்த காத்தானும் அந்த வேம்படியில்தான் ஒதுங்கினார்கள். "இனி ரிக்குக்காரன் மூட்டயக் கட்டோணும்டி" என்று பெரியநாயகி சிரித்தாளாம், சிரித்த வாய் மூடவில்லை, இடி விழுந்து மரத்தை மேலிருந்து அடிவரை கிழித்துவிட்டது, அந்தக் கோடுதான் இது. அவளும் மாரக்காளும் அங்கேயே போய்விட்டார்கள். அக்கா கையை அம்மா விடவேயில்லை, சேதி கேட்டு ஓடிப்போய் நான்தான் விரல் விரலாகப் பிரித்தேன். இன்றைக்கும் வானம் உறுமினால் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருப்பாள், நீகூடக் கேலி பண்ணுவாய்.

வெள்ளிக்கிழமை வாசக்கால் நிறுத்துகிற பூஜை. "எம்பட புள்ள ஊடு, நாந்தான் மஞ்ச பூசுவேன்" என்று தெருவெல்லாம் சொல்லி மஞ்சள் இடித்து வைத்திருக்கிறாள். அந்தக் கோட்டின் மேலேயே வெறுங்கையால் பூசுவாள். அவளுக்குத் தெரியாமல் போகலாம், தெரிந்துவிட்டால் அந்த இடத்திலேயே என்ன ஆவாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தெரியாமலே போனாலும் நான் எப்படி அந்த வாசலில் நுழைந்து வருவேன்?

இஞ்சினியரை நீயே கூப்பிட்டு மனசு மாறிவிட்டது, சாதாத் தேக்கில் வையுங்கள் என்று சொல்லிவிடு. இடி விழுந்த மரம் என்று மட்டும் சொல்லாதே, வேலையாள் வாய்வழியே பொழுது சாய்வதற்குள் அம்மா காதுக்கு வந்துவிடும். ஆசைப்பட்டதைக் கெடுக்கிறேன் என்று கோபிக்காதே கண்ணு. வேறு மரம் எதை வேண்டுமானாலும் வை, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடு, மறந்துவிடாதே. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். காத்தான் அன்றைக்கே காது போய், போன தையில் செத்துப்போனான். அந்த மரத்தடியில் நின்றவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது உன் அம்மா ஆராயி ஒருத்திதான் சாமி.

உன் அப்பா,
சென்னிமலை (கைநாட்டு)