மில்மேட்டில் டப்பா தேடிய கதை

கும்மிடிப்பூண்டி,
திங்கட்கிழமை மத்தியானம்.

ஆசை மகன் பென்னிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம், என் முழங்கால் வீக்கமும் உங்கப்பா கோபமும் மட்டும் இன்னும் வற்றவில்லை. நீயும் அங்கே குளிருக்குக் குல்லா போட்டுக்கொண்டு, மூன்று வேளையும் ரொட்டியைக் கடிக்காமல் ஒரு வேளையாவது சோறு வடித்துச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் உங்கப்பா பின்னாலேயே நின்று துண்டை உதறுகிற சாக்கில் ஒட்டுக் கேட்கிறார். உன்னோடு பேச மாட்டேன் என்று பதினாலு மாதமாக வைராக்கியம், ஆனால் நீ என்ன சொன்னாய் என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. பத்துப் பேர் காலைப் பிடித்து அவர் வாங்கிக் கொடுத்த பர்மனன்ட் வேலையை நீ ஒரே மாதத்தில் உதறிவிட்டு ராட்டர்டாமுக்குப் பறந்தாயே, அது இன்னும் அவர் தொண்டையிலேயே நிற்கிறது. அதனால்தான் புதன்கிழமை அங்கே வருகிற உன் சிநேகிதி சோனியாவின் பெட்டியில், பூண்டு ஊறுகாய் பாட்டிலோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துவிட்டுப் படி.

உன் ஜியோகேச்சிங் விஷயத்துக்கு வருகிறேன். எங்கேயோ ஒரு டப்பாவை ஒளித்து வைப்பது, இடத்தின் நம்பரைப் போனில் போடுவது, முன்பின் தெரியாதவர்கள் அதைத் தேடிப் பிடித்து உள்ளே இருக்கும் நோட்டில் பேர் எழுதிவிட்டுப் போவது, இதுதானே அந்த விளையாட்டு? வேலை இல்லாதவர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்தேன், இப்போது நானும் அதில் சேர்ந்துவிட்டேன். ராட்டர்டாம் போகிற வாரம் நீ மில்மேட்டில் ஒளித்து வைத்த டப்பாவைக் காணோம் என்று மூன்று பேர் புகார் செய்துவிட்டார்கள், இந்த மாதத்துக்குள் யாராவது போய்ப் பார்க்காவிட்டால் ஆட்டத்தையே எடுத்துவிடுவார்கள் என்று சொன்னாய் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் பஸ்ஸில் மில்மேடு போகப்போகிறேன் என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். உங்கப்பா பேப்பரை இறக்காமலே, "பஸ்ஸுல போயி முட்டிய ஒடிச்சிக்கினு வருவே, நான் வண்டில இட்டுக்கினு போறேன். உனுக்காவத்தான் வரேன், வேற யாருக்காவவும் இல்ல" என்றார். வேற யாரு என்று நான் கேட்கவில்லை, சிரிப்பு வந்துவிடும்.

நேற்று போய்ச் சேர்ந்தோம். மில்மேடு ஆரணி ஆற்றங்கரையில் ஏழு அரிசி மில் ஓடின ஊர், இப்போது புகைபோக்கிகள் மட்டும் நிற்கின்றன, ஒரு மில் கல்யாண மண்டபமாகிவிட்டது. புகைபோக்கியில் இருக்கிற வருஷத்தோடு படித்துறைப் படிகளைக் கூட்டினால் டப்பா இருக்கும் இடத்தின் கடைசி நம்பர் வரும் என்று போட்டிருந்தாய். எனக்குப் பதினெட்டுப் படி வந்தது, அவருக்குப் பதினேழு. சேற்றுக்குள் இருக்கிற படியை அவர் சேர்க்கவில்லை. "கண்ணுக்குத் தெரியாதது கணக்குல வராது" என்றார். அப்படியானால் வாராவாரம் பூசைக்கு எதற்குப் போகிறீர்கள் என்றேன், அதற்கப்புறம் பதினெட்டு என்று ஒத்துக்கொண்டார். யாருக்கும் தெரியாமல் போய் எடுக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய், ஆனால் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்றே தலை நரைத்த மனுஷனை வைத்துக்கொண்டு ரகசியமாக எங்கே போவது? நம்பர் காட்டிய, கதவே இல்லாத அந்தப் பாழடைந்த மில் வாசலில் நின்று, "கேட்டுல சொல்லாம உள்ள போவக் கூடாது" என்று கைதட்டி சார் சார் என்று கூப்பிட்டார். உள்ளேயிருந்து ஒரு ஆடு வந்தது. அதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டார்.

நெல் அவிக்கிற தொட்டிக்கு அடியில் நீ சொன்ன பொந்தில் ஒரு பல்லி மட்டும்தான் குடியிருந்தது. நான் மண்டியிட்டுத் தடவிக்கொண்டிருக்கும்போது எதிர் டீக்கடை கெங்கம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து, "இன்னாமே, பிளாட்டு பாக்க வந்தீங்களா, இல்ல ஊட்ட விட்டு ஓடியாந்தீங்களா?" என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வெட்கம் வந்தது, உங்கப்பாவுக்கோ லேசாகப் பெருமை. டிசம்பர் வெள்ளத்தில் டப்பா மிதந்து வந்ததாம், பேர் வெட்டின பாத்திரம், யாராவது தேடி வருவார்கள் என்று எடுத்து வைத்தாளாம். என்ன பேர் என்று கேட்டாள், பென்னி என்றேன். அந்தப் பேர் இல்லை என்று தலையாட்டினாள். உங்கப்பா கடுப்பாகி, "தோ பாரும்மா, நான் எட்வர்ட், அவனோட அப்பன்" என்றதும், "ஆங், எட்வர்டு! கார்டு காட்டு" என்றாள். ஊரில் இருக்கிறவன் கார்டையெல்லாம் வாங்கிப் பார்த்தவர் முதல் தடவையாகத் தன் கார்டை நீட்டினார். போட்டோவில் மீசை இருக்கிறது, மூஞ்சியில் இல்லையே என்று அவள் இரண்டு டீ ஆறுகிற வரைக்கும் விசாரணை வைத்தாள்.

அடப்பாவி, அந்த டப்பா உங்கப்பாவின் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா! மூடியில் ஏ. எட்வர்ட் என்று வெட்டியிருக்கிறது. அதைப் பக்கத்து வீட்டு ஹெலன்தான் அமுக்கிவிட்டாள் என்று ஒரு வருஷமாக நான் அவளோடு பேசவில்லை. நாளைக்குப் பாயசம் வைத்துக்கொண்டு போய் அசடு வழிய வேண்டும், அந்தப் பாவம் உன் கணக்கில்தான் சேரும். உங்கப்பா திட்டப்போகிறார் என்று நினைத்தேன். டப்பாவைத் திறந்து நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தில் உன் கையெழுத்து, "இது எங்கப்பா இருபது வருஷம் ஷிப்டுக்கு எடுத்துப்போன டப்பா. இதை நம்பி எதையும் வைக்கலாம்." பெஞ்சில் உட்கார்ந்து அந்த இரண்டு வரியை ஒரு முழு நாவல் படிக்கிற நேரம் படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "இருபது இல்ல, இருபத்தி நாலு" என்று சொல்லி, அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். அதற்குக் கீழே வந்த நேரம், போன நேரம், வண்டி நம்பர் எல்லாம் எழுதினார். கெங்கம்மாளிடமும் ஒரு கையெழுத்து வாங்கினார்.

பழைய பொந்தில் வைத்தால் மறுபடி தண்ணீர் அடித்துக்கொண்டு போகும் என்று, மேல் களத்துச் சுவரில் நல்ல ஓட்டையாகத் தேடி அவரே வைத்தார். இப்போது இடம் மாறிவிட்டதால் உனக்குப் புது நம்பர் சொல்ல வேண்டும். நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். "உனுக்கு நம்பர் படிக்கத் தெரியாது, நான்தான் சொல்லணும்" என்றார். பத்தாவதில் கணக்கில் எண்பத்தொன்று வாங்கினவள் நான், ஆனாலும் சரி, நீங்களே சொல்லுங்கள் என்றேன். வருகிற ஞாயிறு பூசை முடிந்து கூப்பிடுவாராம். நேற்றிலிருந்து குளிக்கிற அறையில் ஹலோ ஹலோ என்று ஒத்திகை நடக்கிறது.

மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். ஊறுகாயை ஈரக் கரண்டி போட்டு எடுக்காதே. முக்கியமாக ஒன்று, ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் அம்மாகிட்ட குடுங்க என்று சொல்லிவிடாதே, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்றும் சொல்லாதே. ஒவ்வொரு நம்பராக அவரைச் சொல்லவிட்டுப் பேப்பரில் எழுதிக்கொள். ஒரு நம்பரை மட்டும் தப்பாக எழுதிக்கொள், கண்ணு. திருத்துவதற்கு அடுத்த ஞாயிறும் கூப்பிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
எ. ஆரோக்கியமேரி