ஐயா கேட்டுக் குடித்த தண்ணீர்

என்ரை ஐயா,

போன இடத்தில் சுகமாக இருப்பீர்கள். அங்கே தண்ணீர் அள்ளுகிற வேலையாவது இராது. இங்கே இன்று உங்கள் முப்பத்தோராம் நாள். பந்தியில் எல்லோருக்கும் கொடுக்கிற உங்கள் நினைவுப் புத்தகம், அந்தக் கல்வெட்டை அடிக்க வெள்ளைத்தாள் அகப்படவில்லை. பள்ளிக்கூடக் கொப்பித் தாளில், கோடு தெரியத் தெரிய அடித்துத் தருகிறார்கள். தேவாரமும் வெண்பாவும் முன்பக்கங்களில் இருக்கின்றன. கடைசிப் பக்கத்தை நான் கேட்டு வாங்கினேன். மூத்த மகள் நாலு வரி அழுது எழுதுவாள் என்று சித்தப்பா நினைத்திருப்பார்.

முதலில் உங்கள் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். தெல்லிப்பழைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கிச் சனம் மூட்டை முடிச்சோடு உரும்பிராய்க்கு வந்தபோது, நீங்களே படலை வாசலுக்குப் போய் ஆறு குடும்பங்களைக் கூட்டி வந்தீர்கள். புகையிலைக் கொட்டிலை ஒதுக்கிக் கொடுத்தீர்கள். நிவாரண அரிசி வரப் பிந்திய கிழமைகளில், முற்றாத மரவள்ளியையும் பிடுங்கிக் கொடுத்தீர்கள். "வயித்துக்கு ஊர் பேர் இருக்கே?" என்று கேட்டீர்கள். எங்கள் அயலில் வேறு ஒருவரும் அவ்வளவு செய்யவில்லை.

ஆனால் கிணற்றுக் கயிற்றை மட்டும் கொடுக்கவில்லை. வந்தவர்கள் தோட்டங்களில் கூலிக்கு நின்ற சனம். அவர்கள் கை பட்டால் கிணறு தீட்டு என்பது உங்கள் அப்பு காலத்துச் சட்டம். அதற்காகத் தண்ணீர் இல்லையென்று சொல்லவும் உங்களுக்கு மனம் வரவில்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர் இறைக்கிற மிஷின் சும்மா கிடந்தது. எழுபது வயதில், விடிய வெள்ளென எழும்பி, ஆறு குடும்பங்களுக்கும் நீங்களே அள்ளி ஊற்றினீர்கள். இதைக் கொடுமை என்பதா, இரக்கம் என்பதா ஐயா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"ஐயா, நீங்கள் இருங்கோ, நாங்கள் அள்ளுறம்" என்பார் கொட்டிலில் இருந்த பூமணியக்கா.

"ஏன், எனக்குக் கை முறிஞ்சே கிடக்கு? குடத்தை உதிலை வைச்சிட்டுத் தள்ளி நில்லு."

பொழுதுபட்டால் தோளைப் பிடித்துக்கொண்டு முனகுவீர்கள். நல்லெண்ணெய் சுட வைத்துத் தேய்ப்பது நான்.

அப்போதுதான் தம்பியின் கடிதம் வந்தது. கனடாவுக்கென்று வெளிக்கிட்டவன் தாய்லாந்தில், ஓர் அறைக்குள் பதினொரு பேரோடு அந்தரித்துக் கிடக்கிறான். உங்களுக்கு வாசித்துக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? "அக்கா, அகதியளைப் பாக்கிற சங்கம் ஒண்டு கிழமைக்கொருக்கா அரிசி தருது. தண்ணிக்குத்தான் பெரிய கஷ்டமாக் கிடந்தது. கீழ்வீட்டு மனிசி தன்ரை குசினிக் கதவைத் திறக்கிற திறப்பைத் தந்து, வேண்டிய நேரம் வந்து பிடியுங்கோ எண்டு கையாலை காட்டினவ. அவவின்ரை பாசை எங்களுக்குத் தெரியாது. நாங்கள் ஆரெண்டும் அவ கேக்கேல்லை."

சால்வையால் கண்ணைத் துடைத்தீர்கள். "அந்த மனிசி நல்லாயிருக்க வேணும், பிள்ளை. அவவின்ரை குஞ்சு குருமனுக்கு ஒரு குறையும் வரக்கூடாது" என்றீர்கள். திரும்பவும் வாசிக்கச் சொல்லிக் கேட்டீர்கள்.

அடுத்த நாள் காலமை கிணற்றடிக்குப் போய், பூமணியக்காவிடம் "தள்ளி நில்லு" என்றீர்கள்.

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். உங்களுக்குப் பயந்தேனா, ஊருக்குப் பயந்தேனா, இல்லை எனக்கும் அந்தக் குணம்தானா? திரும்பிக் குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினேன்.

நாலைந்து நாள் கழித்து, நாலாவது குடத்துக்கு அள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக் கட்டோடு சரிந்தீர்கள். வாளி கயிற்றில் தொங்கியபடி கிணற்றுக்குள் போய்விட்டது. நான் ஓடி வந்து உங்கள் தலையை மடியில் எடுத்தேன். "தண்ணி" என்றீர்கள். வரிசையில் நின்ற பூமணியக்கா கயிற்றடிக்கு ஓடினார். ஓடியவர் அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, தொடட்டோ?"

ஐயோ, ஐயா! நீங்கள் என் மடியில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், அந்த மனிசி உத்தரவு கேட்கிறா. அதைவிடக் கேவலம், "அள்ளுங்கோ" என்று சொல்ல எனக்கும் ஒரு கணம் எடுத்தது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

அவர் அள்ளிக் கொண்டு வந்து தன் கையாலேயே பருக்கினார். கண்ணைத் திறந்து அவரை நேரே பார்த்தீர்கள். குடித்தீர்கள். பிறகு, "இன்னும் கொஞ்சம் தா, பூமணி" என்றீர்கள். அதற்கு முன் அவரைப் பெயர் சொல்லி நீங்கள் கூப்பிட்டு நான் கேட்டதேயில்லை. அதுதான் உங்கள் வாயிலிருந்து வந்த கடைசிக் கதை. அது வெறும் தாகமா ஐயா? அல்லது கீழ்வீட்டு மனிசியை நினைத்தீர்களா?

நீங்கள் போனபின் அள்ளி ஊற்ற ஆளில்லை. அந்தச் சனமே அள்ளத் தொடங்கியது. எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்குக்கு வந்த சித்தப்பா அதைக் கண்டுவிட்டார். "அண்ணை கட்டிக் காத்த கிணறு! முப்பத்தொண்டுக்கு முன்னம் முழுக்க இறைச்சு மஞ்சள் தண்ணி தெளிச்சுப்போடு. நாலு பேர் வந்து கை நனைக்கிற இடமெல்லோ?" என்றார். "ஓம் சித்தப்பா" என்று தலையாட்டினேன். இதை அச்சுக்குக் கொடுக்கப் போகிற நேரமும் ஆள் விட்டுக் கேட்டார். "எல்லாம் ஆயத்தம்" என்று சொல்லி அனுப்பினேன்.

ஆயத்தம்தான். கிணறு மட்டும் இறைக்கப்போவதில்லை. இன்றைய சோறும் பருப்பும் பாயசமும் அந்தத் தண்ணீரில்தான் ஆக்குவது. அள்ளுவது பூமணியக்கா. "வேண்டாம் பிள்ளை, பேந்து எங்களைத்தான் ஏசுவினம்" என்று பயந்தவரிடம், "கல்வெட்டிலை என்ரை பேர் போட்டு எழுதுறன், ஏசுறதெண்டால் என்னை ஏசட்டும்" என்றேன். பந்தி முடிந்து, எல்லோரும் கை கழுவிய பிறகே கல்வெட்டைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே சித்தப்பா, இதை வாசிக்கிற நேரம் நீங்களும் குடித்திருப்பீர்கள். கோபப்படாதேயுங்கோ. உங்கள் அண்ணை கேட்டு வாங்கிக் குடித்த தண்ணீர் அது.

ஐயா, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தச் சனம் ஊர் திரும்பினாலும் சரி, இங்கேயே இருந்தாலும் சரி, கயிறு கப்பியிலேயே கிடக்கும். "தொடட்டோ?" என்று எங்கள் கிணற்றடியில் இனி ஒருவரும் கேட்க வேண்டி வராது.

பார்த்துக்கொண்டு பேசாமல் நின்ற
உங்கள் மூத்த மகள்,
செல்வராணி