சுறா எண்ணெய் பூசிய தோல் பை

வாசலில் வேன் ஹோர்ன் அலறியதில் ஜெனூபாவின் பேனா காகிதத்தில் இழுபட்டுப் போனது. கல்யாண வீட்டில் பெண்கள் பக்கம் படம் எடுக்க அவள்தான் போகவேண்டும். கடலுக்குப் போன கணவன் ஹாதிக் இன்னும் வரவில்லை. நேற்றைய சண்டைக்குப் பிறகு இருவரும் கதைக்கவும் இல்லை. அவசரமாக எழுதி முடித்தாள்.

"மச்சான், சோறும் கணவாய் ஆணமும் மூடி வச்சிரிக்கன். கதவுத் திறப்பு மீட்டர் பெட்டிக்கு மேல.

கமராவுக்கு றெக்சின் பை போதும் எண்டீங்க. நான்தான் அடம்பிடிச்சித் தோல் பை எடுத்தன். மூடி விறைச்சிக் கிடந்து, போன கல்யாணத்தில தாலி கட்டுற படம் தவறிட்டு எண்டு அழுதன். அதுக்காகத்தான் வள்ளத்துக்குப் பூசுற சுறா எண்ணெயப் பையில பூசினீங்க. நான் படம் எடுக்கப் போறது புடிக்காம பையக் கெடுத்தீங்க எண்டு ஏசிட்டன். இப்ப மூடி ஒரு விரலால திறக்குது."

ஹோர்ன் மறுபடியும் அலறியது. அடியில் நெருக்கி எழுதினாள்: "பழைய பையும் இரிக்கி. ஆனா இந்தத் தோல் பையத்தான் கொண்டு போறன்."

வேனில் ஏறியதும், மணப்பெண் அலங்காரத்துக்கு வரும் ஸம்ஸியா மூக்கைப் பொத்தினாள்.

"என்ன புள்ள, கருவாட்டுக் கடையத் தோளில தூக்கிட்டு வாறாய்? பொண்ணுக்குக் கிட்ட விடுவாங்களா?"

ஜெனூபா பையை மடியில் அணைத்துக்கொண்டாள்.

"விடாட்டித் தள்ளி நிண்டு எடுப்பன். என்ட மனிசன் கையால பழக்கித் தந்த பை இது."