ஆற்றங்கரைப் பைக்கு விலாசம்

செப். 13, சனி

விடிய மழை. எட்டு மணிக்கு விட்டது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஏழு பேராகக் குப்பை பொறுக்கினோம், பதினான்கு சாக்கு! போன வாரம் ஒன்பதுதான். சோறு சுற்றும் லஞ்ச்ஷீட், யோகட் கோப்பை, பிள்ளைகளின் பம்பர்ஸ் (சீ!), ஒற்றைச் செருப்பு ஐந்து. ஏன் எப்போதும் ஒற்றை?

முடிச்சுப் போட்டு வீசிய வீட்டுக் குப்பைப் பைகளே அதிகம். ஒன்றைப் பிரித்தேன். உள்ளே டெலிபோன் பில், பெயர் விலாசத்தோடு. உடனே யோசனை வந்தது. சண்டை வேண்டாம், பொலிஸ் வேண்டாம். எல்லோருமாகப் போய் வீட்டுக்காரர் கையிலேயே பையைக் கொடுப்போம். "ஒங்க சாமான் ஒண்ணு ஆத்தங்கரையில கெடந்துச்சுங்க" என்று சிரித்தபடி சொல்வோம். அவ்வளவுதான்.

தையல் கடை பரீனா துள்ளினாள். "அல்லாஹ்வே! வசந்தி, ஒங்களுக்கு மூளை ஈக்குது!" த்ரீவீல் ஓட்டும் நிமல் அய்யா அப்போதே புறப்படத் தயார்.

செப். 14, ஞாயிறு

போனோம்! பெரிய கேட். மனிதர் பையை வாங்கிக்கொண்டு நான்கு தரம் "சொரி". பின்னால் மனைவி: "நான் சொன்னேனா இல்லையா?" வெற்றி, வெற்றி!

வீட்டுக்கு வந்து இவரிடம் நடித்தே காட்டினேன். சிரிக்கவில்லை. சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டார். ரசனை கெட்ட மனுஷன்.

செப். 17, புதன்

ஸ்கூல் ஒஃபிஸில் வேலை ஓடவில்லை. கண்டவர்களிடமெல்லாம் அதே கதை. இரண்டு டீச்சர்மார் சனிக்கிழமை வருகிறார்களாம். பெருமை தாங்கவில்லை.

வாங்க: கையுறை 3 சோடி, டெட்டோல், பிஸ்கட்.

வீட்டுக் குப்பை வாளி காலி. குப்பை ட்ராக்டர் வந்ததா என்று இவரிடம் கேட்டேன். "ம்" என்றார்.

செப். 20, சனி

நல்ல வெயில். பன்னிரண்டு பேர்! முதல் பையைப் பரீனா பிரித்தாள். "கரண்ட் பில் ஈக்குது!" ஆசையாகப் பறித்துப் பார்த்தேன்.

எஸ். சந்திரகுமார். இவர். எங்கள் வீட்டு இலக்கம்.

இவர் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. ஈரத்தாள். கசக்கிச் சாக்கில் போட்டால் முடிந்தது. டீச்சர்மார் என் முகத்தையே பார்க்கிறார்கள்.

"எங்க, தூரமா?" பரீனா.

"கிட்டத்தான். எங்க வீடு."

ஒருவரும் சிரிக்கவில்லை. "உட்டுடுங்க வசந்தி" என்றாள் பரீனா மெல்ல. எப்படி விடுவது? ஊரார் வீட்டுக்கெல்லாம் படையெடுத்துப் போய்விட்டு? பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கால் என்னவோ ஓட்டமாகத்தான் போனது.

இவர் சாரம் கட்டியபடி வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பிரஷ் நின்றது.

"ஒங்க சாமான் ஒண்ணு ஆத்தங்கரையில கெடந்துச்சுங்க" என்றேன். சிரிப்புத்தான் வரவில்லை.

"குப்பைய வகை வகையா பிரிக்காம வச்சா ட்ராக்டர்காரன் எடுக்க மாட்டேங்கிறான். நான் என்ன செய்ய? ஆத்துக் குப்பைய வாராவாரம் பிரிக்கிற. வீட்டுக் குப்பைய ஒரு நாளாவது பிரிச்சியா?"

அத்தனை பேர் முன்னால்! உண்மைதானே.

பரீனா விடுவாளா? "நீங்க பிரிச்சா கை தேஞ்சி பெய்த்திருமா, அண்ணே?"

வாசலிலேயே பையைக் கொட்டிக் குந்தினேன். முட்டைக் கோது ஒரு பக்கம், கோப்பை ஒரு பக்கம். இவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து எதிரே குந்தினார். நிமல் அய்யா ஒரு சோடி கையுறையை நீட்டினார். மாட்டிக்கொண்டே, தலை நிமிராமல் இவர்:

"இன்னும் மூணு பை கெடக்கு அங்க. எடம் காட்டவா?"