அமெரிக்காவில் பிறந்த ஓசூர்த் துப்பாக்கி

மச்சான்,

நாளை ஆயுத பூசை. உத்தனப்பள்ளிப் பட்டறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பரணிலிருந்து எண்ணெய் வாடையோடு ஒரு சாக்கு என் காலில் விழுந்தது. உள்ளே உன் துப்பாக்கி. கட்டைவிரல் பூசணிக்காயாக வீங்கிக் கிடக்கிறது. சுடாமலேயே ஆளைச் சாய்க்கும் துப்பாக்கியை உன்னைத் தவிர எவன் செய்வான்!

சூளகிரிப் பக்கம் பாழடைந்த கல்குவாரியில் ரத்தக் காட்டேரிப் படம் எடுக்க வந்தார்களே, அந்தப் புண்ணியவான்கள். காட்டேரிகளின் கடைவாயில் வழிந்ததெல்லாம் ரோஸ்மில்க். மொய்த்த ஈக்கள் காட்டேரிகளைவிட நன்றாக நடித்தன. அந்தக் கூட்டத்தை அழிக்கக் கதாநாயகனுக்குத் துப்பாக்கி வேண்டும், வாங்க வக்கில்லை. ஓசூர்க் கம்பெனி டூல்ரூமில் என் பக்கத்து மெஷினில் நின்ற உன்னைப் பிடித்தார்கள். கூலி வேண்டாம், படத்தில் பேர் போட்டால் போதும் என்றாய்.

யாருக்காக என்று எனக்குத் தெரியும். மத்தூரில் இருந்த உன் மாமனார் ஒருநாளும் உன்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. எப்போதும் "லேத்துக்காரரே"தான்.

பழைய தண்ணீர்க் குழாயும் பலாக்கட்டையும் உன் கையில் பீரங்கிக்குத் தம்பிகளாயின. "பொம்மைக்கு எதுக்குடா இவ்ளோ பாலீசு?" என்றேன். "பாக்கறவன் பயப்படணும் மச்சான்" என்றாய். வெளியே எடுத்துவந்தபோது நம் ஊர்க் காக்கைகள் கர்நாடகாவுக்குக் குடிபெயர்ந்தன. முடித்ததும் டூல்ரூம் வழக்கப்படி, எண் அச்சை வைத்துச் சுத்தியலால் தட்டி, ஒவ்வொரு குழாயிலும் கம்பெனி உனக்குக் கொடுத்த டோக்கன் நம்பரைப் பதித்தாய். அதைப் பதிக்காமல் நமக்கு வேலை முடிந்ததாகவே ஆகாதே.

டைரக்டர் பதறினார். "குளோசப்ல தெரியும் சார், எடுத்துடுங்க. அதான் டைட்டில்ல உங்க பேரே வருதே!"

"வேணாம்டா, கெடக்கட்டும்" என்றேன்.

"பேரே வரப்போவுது, நம்பரு எதுக்கு?" என்று சிரித்தபடி நீயே கிரைண்டரில் வைத்துத் தேய்த்தாய்.

படம் கிருஷ்ணகிரிக்கு வந்த அன்று மாமனாரையும் கூட்டிவந்தாய். புது வேட்டி. பஸ்ஸில் கண்டக்டரைக்கூட விடவில்லை. "நம்ம மாப்ள செஞ்ச துப்பாக்கிங்க!" அந்த ஒரு சொல்லுக்கு உன் முகம் ஜொலித்த ஜொலிப்பைப் பார்த்திருந்தால் சூரியன் அன்று விடுப்பு எடுத்திருக்கும்.

திரையில் பேர்கள் ஓடின. ஜெனரேட்டர் கொடுத்தவர், சோறு போட்டவர், குவாரி நாயை விரட்டியவர் வரைக்கும் வந்தார்கள். பிறகு, "ஆயுதங்கள்: அமெரிக்கா".

மாமனார் உன் பக்கம் திரும்பினார். "அமெரிக்கான்றது உங்க பேருங்களா, லேத்துக்காரரே?"

படம் முடியும்வரை காட்டேரிகள் செத்துக்கொண்டே இருந்தன. நீ திரையைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த உன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு நீ போன் போட்டதற்கு டைரக்டர் சொன்னாராம்: "அவ்ளோ நல்லா இருக்குது சார். ஓசூர்ல செஞ்சதுன்னா எவன் நம்புவான்?" உலகத்தில் வேறு எவனையும் இப்படிப் புகழ்ந்து கொன்றிருக்க மாட்டார்கள்.

குவாரியில் அவர்கள் எறிந்துவிட்டுப் போனதில் ஒன்றை நான் பொறுக்கிவந்தேன். கடைசிவரை நீ அதைத் தொடவே இல்லை.

உன் சாவுக்குக் கம்பெனி அனுப்பிய மாலையில் கம்பெனி பேர் பெரிதாக இருந்தது. உன் மாமனார் "லேத்துக்காரரு போயிட்டாரே" என்றுதான் அழுதார். அடுத்த மாதமே உன் நம்பரை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து நான் செய்யும் எதிலும் என் நம்பர் இருக்கும், வீட்டுத் தோசைக்கரண்டி உட்பட. எந்தச் சக்கரவர்த்தி வந்து கெஞ்சினாலும் தேய்க்கமாட்டேன்.

துப்பாக்கி முழுக்க இன்னும் கருகருவென்று மின்னுகிறது. நீ தேய்த்த இடத்தில் மட்டும் துரு. உன் நம்பரை மறுபடி பதிக்கலாம் என்று சுத்தியலை எடுத்தேன். அது இப்போது இன்னொருவன் நம்பர். கீழே வைத்துவிட்டேன்.

"பொம்மத் துப்பாக்கிக்கு எதுக்குங்க பொட்டு?" என்கிறாள் உன் தங்கச்சி.

துருவைத் துடைத்து, அந்த இடத்திலேயே சந்தனத்தை அப்பிக்கொண்டிருக்கிறேன்.