மீன் பெட்டிக்குள் வைத்த ஊசி

மாசி 9, திங்கள்

சின்ன மகன் சேகர் ரத்தத்திலிருந்து இன்று எடுத்த ஸ்டெம் செல் போதவில்லையாம். ரத்தப் புற்று வந்த அவன் அண்ணன் குமாருக்கு ஏற்ற வேண்டியது. எலும்புக்குள் இருக்கும் அந்த செல் ரத்தத்துக்கு இறங்கி வரத்தான் சேகருக்குத் திண்டிவனம் நர்ஸிடம் நாலு நாள் ஹார்மோன் ஊசி போட்டோம்.

"ஊசிய ஒழுங்கா வச்சிருந்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

குமார் பெண்சாதி மாலா அழுதாள். "ஃபிரிட்ஜ் கதவ நான்தான் சரியா மூடலியோ அத்தே."

கதவு இல்லை, நான்தான். வெள்ளிக்கிழமை கரண்ட் போனது. மருந்து சூடாகிவிடும் என்று மிச்ச ஊசி இரண்டையும் நான் விற்கும் மீன் பெட்டியில் உப்பு போட்ட ஐஸுக்குள் புதைத்தேன். எடுத்தபோது கல்லாக உறைந்திருந்தது. உறையக் கூடாது என்று மாலா முதல் நாளே சொன்னாள். கூடவே, "நீங்க எதையும் தொடாதீங்க அத்தே" என்றாள், என் வீட்டில் என்னைப் பார்த்து. அவளிடம் போய் ஒத்துக்கொள்வதா என்று மடியில் வைத்து இளக்கி, திரும்ப ஃபிரிட்ஜிலேயே வைத்துவிட்டேன்.

இவள் கல்யாணத்தில் இவள் வீட்டார் பந்தியில் என் தங்கச்சிக்கு இலை போடாததையே பத்தொன்பது வருஷமாக மறக்காதவள் நான்.

குமாரின் பழைய ரத்தத்தை மருந்து ஏற்றி அழித்தாகிவிட்டது; புது செல் ஏறாவிட்டால் அவன் பிழைக்க மாட்டான். உண்மை தெரிந்தால் டாக்டர் புது ஊசி போட்டு எடுப்பாரோ என்னவோ.

"வெளக்க அணைச்சிடட்டா அத்தே? எவ்ளோ நேரம் எழுதிக்கினு இருப்பீங்க" என்கிறாள் மாலா.

இரு, அணைக்காதே என்றேன். ஏன் என்று கேட்கிறாள். இன்னும் சொல்லவில்லை.